கிறுக்கல் மகாத்மியம்

உலகத்தில் மனிதனை நடுங்க வைக்கும் வஸ்துக்கள் பல உண்டு. புலியைக் கண்டு பயப்படுவோர் இருக்கிறார்கள். கரப்பான் பூச்சியைக் கண்டு பயப்படுவோர் அதைவிட அதிகமாக இருக்கிறார்கள். அடியேன் சுமார் 35 வருஷ காலம் பயந்து வந்தது ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு. கடிதமோ கட்டுரையோ எழுதும் காகிதத்தைச் சொல்லவில்லை. அதனோடு எனக்கு நல்ல சிநேகந்தான். கோடு போடாத, வழவழப்பான, சித்திரம் வரையும் காகிதம் இருக்கிறதே, அதைக் கண்டால்தான் எனக்குக் கை வியர்த்துவிடும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு பசுமாடு. எனக்கு 9 வயதாயிருந்தபோது, சித்திர வகுப்பில் வீட்டு மிருகம் ஒன்றை வரையும்படி உத்தரவாயிற்று. எங்கள் வீட்டுப் பசுவை நான் மிகுந்த பிரேமையுடன் வரைந்தேன். உபாத்தியாயர் அதைக் கையில் எடுத்தார். வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, "பிள்ளைகளே, இது மாடா, கட்டிலா?" என்று கேட்டார். வகுப்பு ஏகமனதாகக் கட்டிலுக்கே வோட்டுச் செய்தது. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருந்திருக்கும்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். ஒரு சிறிய ஹாஸ்யம் செய்தார், அவ்வளவுதான். மறுநாளே அவருக்கு அது மறந்து போயிருக்கும். எனக்குத்தான் மறக்கவில்லை. பட்டம் பெற்று, நானே உபாத்தியாயனாகி, காதோரம் நரை கண்ட பிறகும், கரும்பலகையில் ஒரு தாமரைப் பூப் போட வேண்டி வந்தால், "நன்றாக வரைகிற பையன் யாராவது வந்து போடு" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வது என் வழக்கமாயிருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்திரக் கல்லூரியில் படிக்கிறவள். முதல் நாள் காலையில் காப்பி குடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவள் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அவற்றின் மேல் பத்துக் காகிதங்களைச் சீட்டுக்கட்டுப் போல் பரப்பியிருந்தாள். பக்கத்தில் நீலம், காவி, மஞ்சள், வெள்ளை என்று நாலு சிறிய புட்டிகளில் போஸ்டர் வர்ணம். கையில் இருந்தது சித்திரக்காரரின் மெல்லிய தூரிகை என்று நினைக்க வேண்டாம். கதவுக்கு வர்ணம் பூசுகிற ஓர் அங்குலப் பட்டைப் பிரஷ்!

கைப்பேசியில் ஐந்து நிமிஷத்துக்கு மணி வைத்தாள். காகிதத்தின் மேல் பாய்ந்தாள். ஒரு நீலப் பட்டை, அதன் குறுக்கே காவி, ஒரு மூலையில் மஞ்சள் அப்பல். மணி அடித்தது. அந்தக் காகிதத்தை ஏறெடுத்தும் பாராமல் அடுத்ததற்குப் போனாள். ஒரு மணி நேரத்துக்குள் பத்தும் முடிந்துவிட்டன.

"இது என்ன அம்மா? மலையா, மேகமா?" என்று கேட்டேன்.

"ஒன்றுமே இல்லை, மாமா. பாடகர்கள் விடியற்காலையில் அகார சாதகம் செய்வதில்லையா? அது போலத்தான் இது."

"இதற்கு எத்தனை மார்க்குப் போடுவார்கள்?"

"இதை யாரும் பார்க்கவே மாட்டார்கள், மாமா."

"பின் எதற்காகப் போடுகிறாய்?"

"யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்காகத்தான்!"

இந்தப் பதிலை நான் ஜீரணித்துக் கொண்டிருக்கும்போதே அவள் பிரஷை என் கையில் திணித்துவிட்டாள். தப்ப வழியில்லை. முதல் மூன்று நிமிஷம் காகிதத்தை நான் பார்த்தேன்; காகிதம் என்னைப் பார்த்தது. பிறகு மிகுந்த ஜாக்கிரதையுடன் ஒரு சதுரம் போட்டு, அதன் தலையில் ஒரு முக்கோணத்தை வைத்தேன்.

"மாமா, வீடு கட்டுகிறீர்களே! பெயர் சொல்லக்கூடிய எதுவும் கூடாது. இந்தக் காகிதம் போனால் போகட்டும், அடுத்ததை எடுங்கள்" என்றாள் அவள்.

நாலாவது காகிதத்தில் என் மணிக்கட்டு சற்றுத் தளர்ந்தது. ஏழாவது காகிதத்தில் நான் மூச்சுவிட ஆரம்பித்தேன். பத்தாவதில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் மணி அடித்தபோது, "அடடா, அதற்குள் ஆகிவிட்டதா?" என்று நான் வருத்தப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. அச்சமயம் அங்கே வந்த என் மனைவி, காய வைத்திருந்த என் மூன்றாவது சிருஷ்டியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "தரை துடைக்கிற துணியைத் தேடிக் கொண்டிருந்தேன், இது அது இல்லையே?" என்றாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் வகுப்பறையில் கேட்ட அதே மாதிரிக் கேள்விதான். ஆனால் இந்தத் தடவை நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே ஒன்றும் வலிக்கவில்லை.

ஏன் வலிக்கவில்லை என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். பசு என்று ஒன்றை வரையப் புகுந்தால்தானே அது கட்டில் போல் இருக்கிறது என்று சொல்ல முடியும்? பசுவே இல்லாத இடத்தில் கட்டிலுக்கு என்ன வேலை? உருவத்துக்குப் பெயர் இல்லாதபோது, அளந்து பார்த்துக் குற்றம் சொல்வதற்கு அளவுகோலும் இல்லை. நம் உள்ளத்துக்குள்ளே சதா பிரம்புடன் உட்கார்ந்திருக்கும் பரீக்ஷகருக்கு அந்த ஐந்து நிமிஷம் வேலை போய்விடுகிறது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து போன பிறகுதான் கை தன் சொந்த வேலையைத் தொடங்குகிறது.

இது வெறும் தறிகெட்ட விளையாட்டு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இதற்கும் கண்டிப்பான விதிகள் உண்டு. பென்சில் கூடாது, ரப்பர் அறவே கூடாது. வெள்ளையைத் தவிர மூன்று வர்ணங்களுக்கு மேல் கூடாது. பிரஷ் பெரிதாயிருக்க வேண்டும். அதனால் நுணுக்க வேலை செய்ய ஆசைப்பட்டாலும் முடியாது. பாதி வேலையில் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும்; அப்போது மேலே இருப்பது வானம், கீழே இருப்பது பூமி என்று மனம் கட்டிய கோட்டை இடிந்து விழும். சில நாள் இடது கையால் போட வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். பத்தும் முடிகிற வரையில் எது நல்லது, எது மோசம் என்ற பேச்சே கூடாது. காகிதம் மலிவானதாயிருப்பது மிக முக்கியம். விலையுயர்ந்த காகிதத்தில் எவனும் தைரியமாய்க் கிறுக்கியதில்லை. நான் உபயோகித்தவை, பரீக்ஷை முடிந்து மிஞ்சிப் போன ஒரு பக்கம் அச்சிட்ட வினாத்தாள்கள். பிள்ளைகளைக் கலங்க அடித்த அந்தக் காகிதங்களின் பின்புறத்தில் வர்ணம் குழப்புவதில் ஒரு தனி ஆனந்தம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விளையாட்டாய்ச் செய்ததிலிருந்து சில பாடங்களும் தாமாகவே வந்து சேர்ந்தன. நீலத்தின் மேல், அது ஈரமாயிருக்கும்போதே, காவியை வைத்தால் இரண்டும் கூடி ஓர் அழகான சாம்பல் நிறம் உண்டாகிறது. அந்த அழகில் மயங்கி இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது. நிறுத்த வேண்டிய இடம் எது என்பதைப் பத்துத் தடவை சேறாக்கிய பிறகுதான் கை அறிந்து கொண்டது. நிரப்பாமல் விட்ட வெள்ளைக்கும் ஓர் உருவம் உண்டு என்பதும் அப்படித்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஒரு பழைய அட்டையில் சிறு ஜன்னல் வெட்டி, முந்தின நாள் காகிதங்களின் மேல் அதை நகர்த்திப் பார்ப்போம். முழுக் காகிதமும் குப்பையாயிருக்கும். ஜன்னலுக்குள் அகப்பட்ட மூன்று அங்குலம் மட்டும் கண்ணைப் பிடித்து நிறுத்தும்.

நான் உபாத்தியாயன் அல்லவா? விளையாட்டானாலும் ஆதாரம் வேண்டுமே! ஆகவே புத்தகங்களைப் புரட்டலானேன். இந்தக் கிறுக்கல் சம்பிரதாயம் மிகப் பழமையானது என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தாலி தேசத்து மகா சித்திரக்காரர் லியனார்டோ டாவின்சி, கறை படிந்த பழஞ்சுவர்களை உற்றுப் பார்க்கும்படியும், அவற்றில் மலைகளும் யுத்தங்களும் முகங்களும் தோன்றும் என்றும் தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அலெக்ஸாண்டர் கோஸன்ஸ் என்ற ஆங்கிலேயச் சித்திர ஆசிரியர் 1785-இல் ஒரு நூலே எழுதினார். பெரிய தூரிகையை மையில் தோய்த்துக் காகிதத்தில் விரைவாகக் கறைகளை உண்டாக்கு. பிறகு அவற்றிலிருந்து ஓர் இயற்கைக் காட்சியைக் கண்டுபிடி என்பது அவர் முறை. காகிதத்தை முதலில் கசக்கிக் கொள்ளலாம் என்றும் அவர் யோசனை சொல்கிறார். பிள்ளை கசக்கிய காகிதத்தைக் கண்டால் நாம் என்ன சொல்லுவோம்? ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹௌஸ் கலாசாலையில் இட்டன் என்ற ஆசிரியர், மாணவர்களை முதலில் கைகால்களை உதறச் செய்து, மூச்சுப் பயிற்சி செய்வித்து, அதன் பிறகே வரையவிட்டார். அங்கேயே 1921 முதல் போதித்த பால் க்ளே, ஒரு கோடு இன்ன இடத்துக்கு என்றில்லாமல் உலாவப் புறப்படுவதிலிருந்தே தம் பாடப் புத்தகத்தை ஆரம்பித்தார்.

இவர்களெல்லாம் அன்னியர் என்றால், நம் ரவீந்திரநாத தாகூர் இருக்கிறார். அவர் 1924-இல் அர்ஜென்டினா தேசத்தில் உடல்நலமின்றி விக்டோரியா ஒகாம்போ என்ற மாதரசியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்போது கவிதை எழுதிய நோட்டில், வேண்டாமென்று அடித்த வரிகளை அவர் சும்மா விடவில்லை. ஓர் அடித்தலை இன்னோர் அடித்தலுடன் கோட்டால் இணைத்தார். அவற்றிலிருந்து பக்ஷிகள் எழுந்தன. பெயரில்லாத மிருகங்கள் எழுந்தன. விசித்திரமான முகங்கள் எட்டிப் பார்த்தன. அந்த விளையாட்டு முற்றி, எழுபதை நெருங்கும் வயதில் அவரை முழுச் சித்திரக்காரராக்கிவிட்டது. 1930-ஆம் வருஷம் மே மாதம் பாரிஸ் நகரத்தில் அவருடைய சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1941-இல் காலமாகும் முன் அவர் விட்டுச் சென்ற சித்திரங்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். எல்லாவற்றுக்கும் விதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் அடித்தல் திருத்தல்கள்!

இதைப் படித்தபோது என் மனத்தில் சுருக்கென்று ஒன்று தைத்தது. இருபது வருஷமாக எத்தனை ஆயிரம் நோட்டுகளில் நான் அடித்திருக்கிறேன்! என் அடித்தலிலிருந்து ஒரு குருவியாவது எழுந்து பறந்ததுண்டா?

அந்த எண்ணத்தை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன். அதற்கு முன் நேயர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஐயா, கிறுக்கினால் கலைஞனாகிவிடலாமா?" ஆக முடியாது. அந்த விடுமுறையில் நான் ஏறக்குறைய 300 காகிதங்களைப் பாழாக்கினேன். வைத்துக் கொள்ளத் தோன்றியவை ஏழு. கிறுக்கல் உழவுக்கு முந்தின மழை மாதிரி. நிலத்தை இளக்கும், விதைக்கவும் களை பறிக்கவும் நாம்தான் இறங்க வேண்டும். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக, காந்திஜி கேட்டுக்கொண்டபடி, நந்தலால் போஸும் அவருடைய சிஷ்யர்களும் சுமார் 400 சித்திரங்கள் எழுதிக் கொடுத்தார்கள். செருப்புத் தைப்பவர், மேளம் அடிப்பவர், தச்சர் என்று கிராமத்து ஜனங்களையே மண் நிறங்களில், நாலைந்து வீச்சுக் கோடுகளில் நிறுத்திவிட்டார் நந்தபாபு. பார்த்தால் விளையாட்டாய்ப் போட்டது போல் இருக்கும். ஆனால் தபால் கார்டிலும் துண்டுக் காகிதத்திலும் வாழ்நாளெல்லாம் ஓயாமல் வரைந்து பழகிய கை அது. அந்த லாகவம் விலையில்லாத ஆயிரம் காகிதங்களின் பலன்.

என் சொந்த பரீக்ஷையையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறையின் கடைசி நாள், மருமகள் ஊருக்குப் போன பிறகு, பத்துக் காகிதங்களை வழக்கம்போல் கிறுக்கிவிட்டு, பதினோராவது காகிதத்தில் ஒரு பசுவை வரைந்தேன். கட்டிலின் சாயல் அதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டில் புல் மேய்கிறது! அந்தக் காகிதத்தை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நான் கடல் கடந்து ஆதாரம் தேடியிருக்க வேண்டியதே இல்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் வாசலிலேயே தினந்தோறும் அது நடந்து வந்திருக்கிறது. என் மனைவி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும்போது ஒரு நாளாவது தயங்கி நின்றதை நான் பார்த்ததில்லை. புள்ளி தவறினால் காலால் அழித்துவிட்டு மறுபடி போடுகிறாள். மாலைக்குள் சைக்கிள் சக்கரமும் எறும்பும் அதை முடித்துவிடும். அதில் பசுவும் இல்லை, வீடும் இல்லை. வெறும் கோடும் வளைவுந்தான். நாளைக்கு இராது என்று தெரிந்து போடுவதனால்தான் அந்தக் கைக்கு அத்தனை துணிவு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதே ரகசியம் இருந்தது. குழந்தை முதன்முதல் 'அ' எழுதியது காகிதத்தில் அல்ல, மணலில். விரலால் எழுதும், கோணினால் உள்ளங்கையால் தடவிவிடும். தவறு செய்ததற்குச் சாக்ஷியே மிஞ்சாது. ஓலையும் எழுத்தாணியும் பிற்பாடுதான் வந்தன. அந்தப் பள்ளிகளில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. பிரம்பை ஒழித்தது நல்ல காரியம். மணலையும் சேர்த்து ஏன் ஒழித்தோம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது ஒதுக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். என் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வருஷத் தொடக்கத்தில், "எங்கள் ஊர்த் திருவிழா" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதியிருந்தான். ராட்டினமும், பலூன் வெடித்ததும், தம்பி தொலைந்து போனதும், பொரி மூட்டைக்குப் பின்னால் அவன் அகப்பட்டதும் எல்லாம் அதில் ஓடி வந்தன. ஒற்று மிகுந்த இடத்தில் மிகவில்லை. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றுக்கொன்று வீடு மாறியிருந்தன. நான் என் கடமையைச் செய்தேன். 41 இடத்தில் சிவப்பு மையால் சுழித்தேன். அடியில், "பிழைகளைத் தவிர்க்கவும்" என்று எழிலான கையெழுத்தில் எழுதினேன்.

அவன் என் சொல்லைத் தட்டவில்லை. பிழைகளைத் தவிர்த்தான். அதன் பிறகு அவன் எழுதிய கட்டுரைகள் எல்லாம் நாலே வரி. எல்லாம் தெரிந்த சொற்கள். ஒரு பிழை கிடையாது. தம்பியும் கிடையாது, பொரி மூட்டையும் கிடையாது. "முன்னேற்றம்" என்று அதற்கும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும், ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட அவனுடைய பழைய நோட்டை நான் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தேன். அந்த 41 சுழிகளும் என்னைப் பார்த்து, "இது மாடா, கட்டிலா?" என்று கேட்டன. எனக்கு அந்த ஹாஸ்யத்தைச் செய்தவர் ஒரு தடவைதான் செய்தார். நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை செய்திருப்பேன்! தேசத்துக்கு 1947-இல் சுதந்திரம் வந்தது. நம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலும்.

இப்போது என் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் பத்து நிமிஷம் 'மணல் நோட்டு' என்று ஒன்று நடக்கிறது. மலிவுக் காகிதத்தில் தைத்த நோட்டு. மணி வைத்துவிடுவேன். எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுத வராவிட்டால் வரையலாம். நிறுத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. அதில் என் சிவப்புப் பேனா நுழையாது. இலக்கணம் சொல்லிக் கொடுப்பதை நான் விட்டுவிடவில்லை. அதற்கு மற்ற நாட்கள் இருக்கின்றன, வேறு நோட்டும் இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் பத்து நிமிஷமும் நானும் உட்கார்ந்து என் நோட்டில் கிறுக்குகிறேன்.

அந்தப் பையன் முதல் வாரம் வெறும் கட்டங்களாகப் போட்டான். இரண்டாம் வாரமும் கட்டங்கள். மூன்றாம் வாரம் ஒரு கட்டத்துக்குள் ஓர் ஆடு வந்தது. ஆட்டின் கீழே பாட்டியின் ஆடு வேலி தாண்டியது பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான். தானாகவே கொண்டு வந்து காட்டினான். பழக்க தோஷத்தினால் பிழைகளை எண்ணிவிட்டேன், பதினொன்று இருந்தன.

பேனா சட்டைப் பையில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, "அப்புறம் ஆடு அகப்பட்டதா?" என்று கேட்டேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை எழுதுகிறேன், ஸார்" என்றான்.